துளைச் சுருளில் காலத்தை அளந்தது எது?
பியானோ சுருள் தயாரிப்பில் தாள் நகர்த்தும் பொறியின் பங்கு

கேள்வி

தானாக வாசிக்கும் பியானோவுக்கான காகிதச் சுருளில் ஒவ்வொரு துளையும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தாளின் குறுக்குவாட்டில் அது இருக்கும் இடம் எந்தச் சுரம் என்பதைச் சொல்லும்; நீளவாட்டில் இருக்கும் இடம் எப்போது என்பதைச் சொல்லும். முதலாவதைத் தீர்மானிப்பவை துளைக்கும் ஊசிகள். அவை உலோகத் தகட்டில் நிலையாகப் பதிக்கப்பட்டவை; ஒருமுறை சரியாகக் கடைந்துவிட்டால் தவறுவதில்லை. இரண்டாவதைத் தீர்மானிப்பது ஊசிகளுக்கு அடியில் தாளை இழுத்துக் கொடுக்கும் பொறி. ஆகவே சுருளில் பதிந்த இசையின் காலப் பரிமாணம் முழுவதும் இந்த இரண்டாவது பொறியின் கையில் இருந்தது என்று சொல்லலாம்.

அப்படியானால் ஒரு சுருளில் நாம் கேட்கும் தாள நுணுக்கத்தில் எவ்வளவு வாசித்தவருடையது, எவ்வளவு தாள் நகர்த்தும் பொறியுடையது? இக்கட்டுரை ஆராய்வது இதை மட்டுமே. ஒலியின் வன்மை மென்மையைச் சுருள் எப்படிக் கையாண்டது என்பது இதே அளவு பெரிய தனிக் கேள்வி; அதை இங்கே தொடவில்லை.

இதுவரையான புரிதல்கள்

சுருள்களைப் பற்றி இரண்டு எதிரெதிர்ப் பார்வைகள் நெடுங்காலமாக உள்ளன. முதலாவது, விற்றவர்கள் பரப்பியது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் எட்வின் வெல்டேயும் கார்ல் போக்கிஷும் உருவாக்கி 1904இல் வெளிவந்த வெல்டே-மினியோன், பின்னர் அமெரிக்காவில் வந்த டுவோ-ஆர்ட், ஆம்பிக்கோ ஆகிய மூன்றுமே, பெரிய பியானோக் கலைஞர் உங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து வாசிப்பதாகவே தம்மை விளம்பரப்படுத்திக்கொண்டன. இரண்டாவது பார்வை ஐயம் கொண்டது. சுருள்களைத் தொகுப்பாளர்கள் திருத்தினார்கள், தவறிய சுரங்களை ஒட்டி மூடினார்கள், புதிதாகத் துளைத்தார்கள்; எனவே இவற்றைப் பதிவுகள் என்பதே தவறு என்கிறது அது.

இரண்டு தரப்பும் மனிதத் தலையீட்டைப் பற்றியே வாதிடுகின்றன. ஒரு தரப்பு அதை மறைக்கிறது, மறு தரப்பு அதை அம்பலப்படுத்துகிறது. எந்திரத்தின் தலையீடு இருவர் கண்ணுக்கும் படவில்லை. ஹார்வி ரோல் 1961இல் வெளியிட்ட தொகுப்பு, ஆர்தர் ஆர்ட்-ஹியூம் 1970இல் எழுதிய வரலாறு போன்ற அடிப்படை நூல்களும் தம் பெரும்பகுதியை வாசிக்கும் கருவிக்கே ஒதுக்கின. அது இயல்புதான். பியானோ கூடத்தில் நின்றது, துளையிடும் எந்திரம் தொழிற்சாலைக்குள் இருந்தது. பழைய பியானோவைச் செப்பனிட்டுச் சேர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. துளையிடும் எந்திரத்தை வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

நின்று நகரும் தாள்

துளையிட்ட அட்டையால் எந்திரத்தை ஆட்டுவிக்கும் எண்ணம் நெசவிலிருந்து வந்தது. ஜக்கார்டு 1804இல் முழுமைப்படுத்திய தறியில் ஒவ்வொரு அட்டையும் ஓர் ஊடிழைக்கு உரியது. ஓர் இழை ஓடி முடிந்ததும் அடுத்த அட்டை வந்து நிற்கும். காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலே கோத்துத் தொங்கும் அட்டைகள் இன்றும் அப்படித்தான் திரும்புகின்றன. அங்கே செய்வதும் படிப்பதும் ஒரே முறை: நின்று நின்று. இழைக்கும் இழைக்கும் நடுவே எதுவும் இல்லை என்பதால் அதில் எந்தச் சிக்கலும் எழுவதில்லை.

இசைக்கு இந்த எண்ணம் மாறியபோது ஓர் இரட்டைத்தன்மை புகுந்தது. 1842இல் லியோன் நகரின் செய்த்ர், 1847இல் ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின், 1883இல் எமில் வெல்டே என்று காப்புரிமைகள் வரிசையாக வந்தன. அமெரிக்காவில் எட்வின் வோட்டி 1895இல் பியானோலாவை உருவாக்கியபோது வடிவம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. காற்று உறிஞ்சப்படும் பித்தளைச் சட்டத்தின் மேல் தாள் வழுக்கிச் செல்லும். துளை சட்டத்தின் வாய்க்கு நேராக வரும்போது காற்று நுழையும், வால்வு திறக்கும், சுத்தியல் அடிக்கும். இங்கே தாள் நிற்பதே இல்லை. ஓடிக்கொண்டே படிக்கப்படுகிறது.

துளையிடும்போதோ தாள் நின்றாக வேண்டும். ஊசி தாளுக்குள் இறங்கி, டைத் தகட்டின் ஓட்டைக்குள் புகுந்து, மேலே திரும்பும் வரை தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கிழியும். எனவே எந்திரத்தின் ஒவ்வொரு சுழற்சியும் இரண்டு பாதிகளைக் கொண்டது. ஒரு பாதியில் தாள் நிற்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊசிகள் இறங்கும். மறு பாதியில் ஊசிகள் மேலே இருக்க, தாள் ஒரு படி முன்னேறும். இந்தப் படியைக் கொடுக்கும் எளிய வழி ராட்செட் சக்கரம். சக்கரத்தின் பல்லில் விழும் ஒரு நாக்கு, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பல் அளவு அதைத் தள்ளும். சக்கரத்தோடு சேர்ந்த உருளை தாளை இழுக்கும். பற்களின் எண்ணிக்கையும் உருளையின் சுற்றளவும் சேர்ந்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை படி என்பதை முடிவு செய்யும். நெடிய சுரத்துக்கு அடுத்தடுத்த படிகளில் துளைகள் தொடர்ச்சியாக விழுந்து பிளவாக நீளும். தாள் பலவீனமாகாதிருக்க நடுநடுவே மெல்லிய பாலங்கள் விடப்பட்டன. பாலம் சட்டத்தின் வாயை முழுதும் மூடாத அளவு குறுகலாக இருந்தால் சுரம் அறுபடாது.

தாள் நகர்வில் தொழிற்சாலைகளுக்குத் தலைவலி தந்தவை வேறு இரண்டு விஷயங்கள். முதலாவது, எடை. முழுத் தாள் உருளை கனமானது. அதை ஒவ்வொரு படிக்கும் கிளப்பி நிறுத்த முடியாது. எனவே பெரிய உருளைக்கும் இழுக்கும் உருளைக்கும் நடுவே தாளைத் தளர்வாக ஒரு வளையமாக விடவேண்டும். அப்போது குலுக்கல் வளையத்தோடு நின்றுவிடும், கனமான உருளை தன் போக்கில் சீராகச் சுழலும். திரைப்படம் காட்டும் புரொஜக்டரிலும் இதே காரணத்துக்காக ஃபிலிம் வளையம் விடப்படுகிறது. ஆனால் ஃபிலிமின் ஓரத்தில் பற்சக்கரம் பிடிக்கும் துளைகள் உண்டு. கடையில் விற்ற பியானோ சுருளின் ஓரத்தில் அப்படி எதுவும் இல்லை. உருளையின் பிடிமானம் மட்டுமே தாளை இழுத்தது. பிடி சற்று வழுக்கினால் படி குறையும்.

இரண்டாவது, அடுக்கு. ஒரே நேரத்தில் பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துளைத்தால்தான் விலை கட்டுப்படியாகும். உருளைகளுக்கு நடுவே அழுந்திச் செல்லும் அடுக்கில் உருளையைத் தொடும் தாளும் நடுவில் இருக்கும் தாளும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை. ஓரத்தைப் பிடிக்கும் வழிகாட்டிகள் குறுக்குவாட்டு விலகலைத் தடுக்கும். நீளவாட்டு விலகலை அவை தடுக்கா. ஒரே அடுக்கில் பிறந்த பிரதிகள்கூட நூலிழை அளவில் வேறுபடலாம் என்பதற்கு இதுவே காரணம். பல நிறுவனங்கள் மூலச் சுருளை நீளவாட்டில் பெரிதாக்கி வைத்ததிலும் இதே கணக்கு உண்டு. மூலம் மூன்று மடங்கு நீளமானால், அதைப் படிக்கும்போது நேரும் நழுவல் பிரதியில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

படியும் காதும்

இனி அளவுக்கு வரலாம். 1908இல் பஃபலோ நகரில் கூடிய அமெரிக்க உற்பத்தியாளர்கள் சுருளின் அகலத்தை 11¼ அங்குலமாக நிலைநிறுத்தினார்கள். 88 சுரச் சுருளில் அங்குலத்துக்கு 9 துளைகள், 65 சுரச் சுருளில் 6. குறுக்குவாட்டு அளவு இப்படி ஊரறிய முடிவானது. எந்த நிறுவனத்தின் சுருளும் எந்த நிறுவனத்தின் பியானோவிலும் ஓட வேண்டும் என்பதால் அது அவசியமாயிற்று. நீளவாட்டுப் படிக்கு அந்த அவசியம் இல்லை. சுருள் எத்தனை படிகளால் ஆனது என்பது பியானோவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆகவே அது ஒவ்வொரு தொழிற்சாலையின் எந்திரத்தைப் பொறுத்து வேறுபட்டது, வெளியே பேசப்படவும் இல்லை.

சுருளின் மேல் அச்சிடப்படும் டெம்போ எண்ணைப் பத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். டெம்போ 70 என்றால் நிமிடத்துக்கு 7 அடி, அதாவது நொடிக்கு 1.4 அங்குலம். கணக்குக்காக அங்குலத்துக்கு 30 படி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 42 படி. ஒரு படி ஏறத்தாழ 24 மில்லி நொடி. அங்குலத்துக்கு 20 படிதான் என்றால் ஒரு படி 36 மில்லி நொடியை நெருங்கும். இசைஞர் எந்தக் கணத்தில் அடித்திருந்தாலும் அந்தச் சுரம் பக்கத்துப் படிக்குத் தள்ளப்படும். அதிகபட்சப் பிழை அரைப் படி: முதல் கணக்கில் 12, இரண்டாவதில் 18 மில்லி நொடி.

இது பெரிய பிழையா? தனிச் சுரத்தில் இல்லை. ஒரு கூட்டுச் சுரத்தின் சுரங்களைச் சிறிது முன்பின்னாக உதிர்க்கும் பழக்கம் அக்காலப் பியானோக் கலைஞர்களிடம் பரவலாக இருந்தது. அந்த உதிர்ப்பின் இடைவெளிகள் படியின் அளவோடு ஒப்பிடத்தக்கவை. இரண்டு சுரங்களுக்கு நடுவே இருந்த 10 மில்லி நொடி இடைவெளி சுருளில் ஒன்று மறைந்து ஒரே வரிசையில் விழும், அல்லது ஒரு முழுப் படியாகப் பெருகும். நடுவழி கிடையாது. ஜாஸ் வகைச் சுருள்களில் இது இன்னொரு விதமாக வெளிப்படும். ஒரு தாள அடிக்கு 12 படி என்று தொகுப்பாளர் வகுத்துக்கொண்டால், அந்த இசைக்குரிய ஏற்ற இறக்கமான இரட்டைச் சுரங்களை 7:5, 8:4, 9:3 என்ற விகிதங்களில்தான் வைக்க முடியும். வாசிப்பவரின் கை இவற்றுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் உலவும், எந்திரம் உலவாது. கியூ.ஆர்.எஸ். நிறுவனத்துக்காக ஜே. லாரன்ஸ் குக் ஆயிரக்கணக்கில் உருவாக்கிய சுருள்கள் பலவற்றில் பிறருடைய பாணிகளையும் அவர் அற்புதமாகப் போலச் செய்தார். அவற்றைக் கேட்கும்போது ஒரு தனிவகை விறைப்பு தெரிகிறது என்று சொல்லும் விமர்சகர்கள், அதைக் குக்கின் ரசனையின் மேல் ஏற்றுகிறார்கள். பாதியையாவது ராட்செட்டின் மேல் ஏற்றுவதே நியாயம் என்பது என் கருத்து.

நான்கேரோவும் படியற்ற எந்திரமும்

தாள் நகர்வுப் பொறி இசையை எந்த அளவுக்கு ஆள முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, பெரிய நிறுவனங்களுக்கு வெளியே, மெக்சிகோ நகரில் கிடைக்கிறது. இசையமைப்பாளர் கான்லன் நான்கேரோ 1912இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் டெக்சர்கானாவில் பிறந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் லிங்கன் படையணியில் போரிட்டவர். அந்த இடதுசாரிப் பின்னணியால் அமெரிக்காவில் நெருக்கடிக்கு உள்ளாகி 1940இல் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தார். மனிதக் கையால் வாசிக்க முடியாத தாளச் சேர்க்கைகளைப் பியானோ சுருளில் துளைத்துப் பார்க்கலாம் என்று ஹென்றி கவல் 1930இல் வெளியிட்ட நூல் ஒன்றில் எழுதியிருந்தார். கவல் அதைச் செய்து பார்க்கவில்லை. நான்கேரோ வாழ்நாள் முழுக்க அதையே செய்தார்.

1947இல் நியூயார்க் சென்று கையால் இயக்கும் துளையிடும் எந்திரம் ஒன்றைத் தமக்காகச் செய்வித்துக்கொண்டார். அது படிப்படியாக நகர்ந்தது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே துளையிட வழியில்லை. பின்னாளில் அந்தப் படிகளை நீக்கி, எந்த இடத்திலும் நிறுத்தித் துளைக்கும்படி அதை மாற்றிக்கொண்டார். கைல் கான் 1995இல் வெளியிட்ட நான்கேரோ பற்றிய நூல் இந்த மாற்றத்தைக் குறிப்பிடுகிறது. தொடர்ந்து வேகம் கூடும், குறையும் இசையையும், முழு எண்களில் அடங்காத விகிதங்களையும் இந்த மாற்றத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ‘படி போனது, விடுதலை வந்தது’ என்ற இந்தக் கதை கேட்க நன்றாக இருக்கிறது. சற்று உரசிப் பார்ப்போம்.

தானாக வாசிக்கும் பியானோவுக்காக அவர் அமைத்து எண்ணிட்ட இசைத்துண்டுகளுக்கு ‘ஸ்டடி’ என்று பெயர். முதல் ஸ்டடியில் 4:7 என்ற வேக விகிதம் வருகிறது. இரண்டு குரல்களும் சந்திக்கும் ஒரு சுற்றை 28 படிகளாக வகுத்தால் போதும், எல்லாச் சுரமும் படியின் மேல் சரியாக விழும். ராட்செட் எந்திரத்துக்கு இது எளிது. 24ஆம் ஸ்டடியின் 14:15:16க்கு 1,680 படிகள் தேவை. 36ஆம் ஸ்டடியின் 17:18:19:20க்கோ ஒரு முழுச் சுற்றுக்கு 58,140 படிகள் வேண்டும். அங்குலத்துக்கு 30 படி என்றால் அந்த ஒரு சுற்றே 161 அடியைத் தாண்டும்; எந்தச் சுருளிலும் அடங்காது. 33ஆம் ஸ்டடியில் இரண்டின் வர்க்கமூலத்துக்கும் இரண்டுக்கும் உள்ள விகிதம், 40ஆம் ஸ்டடியில் இயற்கை மடக்கையின் அடி எண்ணுக்கும் பைக்கும் உள்ள விகிதம் என்று வரும்போது, எவ்வளவு நுண்ணிய படியாலும் அவற்றைச் சரியாகப் பிடிக்க இயலாது. இதுவரை வழக்கமான கதை வெல்கிறது.

ஆனால் காதுக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்டால் கதை மாறுகிறது. நான்கேரோ வெற்றுத் தாளில் கால இடைவெளிகளைப் பென்சிலால் குறித்து, அந்தக் குறிகளின்படி ஒவ்வொரு துளையாகக் கையால் அடித்தார். பென்சில் குறிக்கும் ஊசிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் விலகுவது மிகத் திறமையான கைக்கும் நேரும். டெம்போ 70இல் தாள் நொடிக்கு ஏறத்தாழ 35.6 மில்லிமீட்டர் ஓடுகிறது; ஆகவே அரை மில்லிமீட்டர் என்பது 14 மில்லி நொடி. அங்குலத்துக்கு 30 படி உள்ள ராட்செட்டின் அதிகபட்சப் பிழை 12 மில்லி நொடி என்று முன்பு கண்டோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நுண்ணிய படியுள்ள எந்திரம் ஒன்றில் சுரங்களைப் பக்கத்துப் படிக்குத் தள்ளி அடித்திருந்தாலும் கேட்பவருக்குக் கிடைக்கும் பிழையின் அளவு கூடியிருக்காது.

அப்படியானால் படியை நீக்கியதால் என்ன கிடைத்தது? எனக்குத் தெரிவது இரண்டு. ஒன்று, பிழையின் குணம் மாறியது. படியின் பிழை ஒழுங்கானது. மெல்ல வேகம் கூடும் வரிசையைப் படிகளில் வைத்தால் இடைவெளிகள் 9, 9, 8, 8, 8, 7 என்று மாடிப்படிபோல் இறங்கும். அந்த இறக்கங்களைக் காது திடீர்த் திருப்பங்களாகப் பிடித்துக்கொள்ளும். கையின் பிழை ஒழுங்கற்றது, இரு பக்கமும் சிதறுவது. அதனால் சறுக்கல் சறுக்கலாகவே கேட்கிறது. 21ஆம் ஸ்டடியில் ஒரு குரல் வேகம் கூடிக்கொண்டே போக மற்றது குறைந்துகொண்டே வரும். படியின் மேல் அதை அமைத்திருந்தால் அந்த வழுவழுப்பு கெட்டிருக்கும். இரண்டாவது, வேலையின் முறை மாறியது. ஒவ்வொரு காலத்தையும் பல் எண்ணிக்கையாக மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. கோட்டின் மேல் எங்கே குறித்தாரோ அங்கே அடிக்கலாம். சில நிமிட இசைக்குப் பல மாதங்கள் உழைத்தவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வேறு மாதிரி சொல்வதானால், பொறி மாறியதால் இசை துல்லியமாகிவிடவில்லை. சிந்திக்கும் அலகு மாறியது: எண்ணிக்கையிலிருந்து நீளத்துக்கு. பொறிதான் இசையைப் படைத்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் சரியாகாது. விகிதங்களின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு எந்திரத்துக்கு முந்தியது. தமக்கு வேண்டியதைத் தராத பொறியை அவர் மாற்றினார். பெரிய தொழிற்சாலைகளுக்கு மாற்றத் தேவை எழவில்லை, ஏனென்றால் அவர்கள் விற்ற நடன இசைக்குப் படி போதுமானதாக இருந்தது.

மறுமுனையில் நேரும் இழப்பு

துளையிடும் எந்திரத்தை மட்டுமே குற்றவாளியாக்கவும் முடியாது. பியானோவுக்குள்ளும் ஒரு தாள் நகர்வுப் பொறி உண்டு, அது இன்னும் முரட்டுத்தனமானது. காற்று மோட்டார் ஒன்று தாள் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலைச் சுழற்றுகிறது. சுழற்சி சீராக இருந்தாலும் தாள் சுற்றச் சுற்ற ஸ்பூல் பருக்கிறது, தாளின் ஓட்டம் வேகமாகிறது. ஸ்பூலின் ஆரம் 25 மில்லிமீட்டர், தாளின் தடிப்பு 0.08 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால் இறுதியில் வேகம் 18 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். பதிவு செய்தபோதும் தாளை இதே அளவு ஸ்பூல் இழுத்திருந்தால் இந்தக் கூடுதல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். சீரான உருளை இழுத்திருந்தால், தொகுப்பாளர் துளைகளின் இடைவெளியைச் சிறிது சிறிதாக அகட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். பழைய சுருள்களின் முடிவுப் பகுதி பதற்றமாக ஒலிப்பது கலைஞரின் உணர்ச்சிப் பெருக்கு என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. தாள் ஈரத்தில் குறுக்குவாட்டில்தான் அதிகம் விரியும். 286 மில்லிமீட்டர் அகலத் தாள் ஒரு சதவீதம் விரிந்தால் 2.86 மில்லிமீட்டர், துளைகளின் இடைவெளியோ 2.82. ஓரங்களில் துளைகள் அரை இடைவெளி விலகிவிடும். பியானோக்களில் தாளின் ஓரத்தைத் தொட்டுச் சட்டத்துக்கு நேராக வைக்கும் தானியங்கி அமைப்புகள் வந்தாலும், அவை தாளை நடுவில் நிறுத்தும், விரிவைச் சுருக்கா.

படியே சான்றாகும்போது

இதுவரை படியைக் குறையாகவே பார்த்தோம். ஆவணக் காப்பாளருக்கு அதுவே வரம். துளைகள் எங்கு வேண்டுமானாலும் விழுந்திருந்தால், உருளை நழுவியதால் வந்த விலகலையும் மூலத்தில் இருந்த இடத்தையும் பிரித்தறிய வழியில்லை. படியின் மேல் விழுந்திருந்தால் ஒவ்வொரு துளையும் ஒரு முழு எண்; சுருளைத் துல்லியமாக வருடி, படியின் அளவைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு துளையையும் அதற்குரிய முழு எண்ணுக்குத் திருப்பினால் தொழிற்சாலையின் மூலச் சுருளையே மீட்டெடுக்கலாம். பிரதியெடுப்பில் வந்த அத்தனை நடுக்கமும் உதிர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் டெனிஸ் காண்டன் சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான சுருள்களை 2014இல் பெற்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவற்றை வருடிப் படங்களாக்கி வருகிறது. அத்தகைய படங்கள் இருந்தால் இந்த வேலையைச் சுருளைத் தொடாமலே செய்யலாம்.

நான்கேரோவின் படியற்ற சுருள்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றில் விலகல் எது, விருப்பம் எது என்பதைச் சொல்ல அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் இசைப் பிரதிகளையும்தான் நாட வேண்டும். அவருடைய ஆவணங்கள் பாசல் நகரின் பவுல் சாகர் அறக்கட்டளையில் உள்ளன.

சுருள்களிலிருந்து எடுத்த இசைத்தட்டுகளின் உறைக்குறிப்பில் கலைஞர் பெயர், ஆண்டு, பியானோவின் வகை எல்லாம் அச்சாகின்றன. துளையிட்ட எந்திரம் எது, அங்குலத்துக்கு எத்தனை படி, வாசிக்கும்போது ஸ்பூலின் வேகம் ஈடுகட்டப்பட்டதா என்ற மூன்றும் இருப்பதில்லை. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு சுருளை முன்வைத்து எந்தக் கலைஞரின் தாளப் போக்கைப் பற்றியும் முடிவு சொல்வது செல்லாது. உறைக்குறிப்பு எழுதுபவர்களும் அவற்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களும் அந்த மூன்று வரிகளைச் சேர்க்கத் தொடங்க வேண்டும்.